கட்டம் போட்டால் பாய்ண்டர் பிடிபடும்

சி என்ற புரோகிராமிங் மொழி படிக்கிற பிள்ளைகளிடம் பாய்ண்டர் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள்: “இன்னொரு மாறியின் முகவரியைச் சேமித்து வைக்கும் மாறி.” இரண்டு மார்க் உறுதி. அதே பிள்ளையிடம் நாலு வரி கோடு எழுதிக் கொடுத்து, இதற்கு அவுட்புட் என்ன வரும் என்று கேட்டால் பேனா நின்றுவிடும். வரையறை வாயில் இருக்கிறது, கையில் இல்லை.

நான் ஓசூரில் சின்னச் சின்ன சர்க்யூட் போர்டுகளுக்கு புரோகிராம் எழுதுகிற வேலையில் இருக்கிறேன். வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் சிலர் சி கற்றுக்கொள்ள வருவார்கள். காவேரிப்பட்டணத்திலிருந்து ஒருத்தர், பர்கூர் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிறவர் ஒருத்தர், தருமபுரியில் பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. ஃபீஸ் எதுவும் வாங்குவதில்லை. மாங்காய் சீசனில் மட்டும் எங்கள் வீட்டில் காய்க்குப் பஞ்சம் இருக்காது. இவர்களோடு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கோடு வரிகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். மெஷினில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரில் பைத்தான், கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு இரண்டாவது செமஸ்டரில் சி. பள்ளிக்கூடத்திலும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான்தான். பைத்தான் நல்ல மொழி, ஆனால் மெமரி என்று ஒன்று இருப்பதையே அது காட்டாது. அங்கிருந்து நேராக சி-க்கு வருகிற பிள்ளைக்கு ‘முகவரி’ என்பது வெறும் சொல். கண்ணால் பார்க்காத ஒரு பொருளுக்கு வரையறை எழுதச் சொன்னால் மனப்பாடம் பண்ணுவதைத் தவிர அது வேறென்ன செய்யும்?

அதனால் முதல் வேலை, முகவரியைப் பார்ப்பது. முழு எண்ணை வைக்கிற ஒரு இன்ட் மாறியை அறிவித்து, அதன் மதிப்பைப் பிரின்ட் பண்ணுங்கள். அடுத்த வரியில் அதே மாறிக்கு முன்னால் & போட்டு, சதவீதக் குறியோடு பி சேர்த்துப் பிரின்ட் பண்ணுங்கள். சைபர், எக்ஸ் என்று ஆரம்பித்து, எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான ஒரு வால் திரையில் வரும். பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண் அது. உங்கள் மாறி மெமரியில் குடியிருக்கிற பைட்டின் எண். ரன் பண்ணும்போது பார்த்துவிட்டால் முகவரி என்பது அதற்கப்புறம் கதை இல்லை, திரையில் இருக்கிற ஒரு நம்பர்.

இரண்டாவது தடவை ரன் பண்ணினால் நம்பர் மாறிவிடும். இங்கே எல்லாப் பிள்ளைகளுமே நிற்பார்கள். “அண்ணா, முதல்ல ஒரு நம்பர் வந்துச்சு, இப்ப வேற வருது. எது கரெக்ட்?” இரண்டும் கரெக்ட்தான். ஒரு புரோகிராம் எங்கே உட்காருகிறது என்பதை வெளியாள் ஊகித்து உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக, ஆபரேட்டிங் சிஸ்டமே ஒவ்வொரு தடவையும் இடத்தை மாற்றிப் போடுகிறது. லினக்ஸில் 2005-லிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆகவே முகவரியின் மதிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. இந்த ஓட்டத்தில் அது என்ன என்பது மட்டும் போதும்.

காலேஜ் லேபில் இன்னும் நீலத் திரை டர்போ சி என்ற பழைய கம்பைலர் இருந்தால் அங்கே வேறு மாதிரி. சதவீதக் குறியோடு யு சேர்த்துப் பிரின்ட் பண்ணினால் 65524 போல ஐந்து இலக்கத்தில் ஒரு நம்பர் வரும், எத்தனை தடவை ஓட்டினாலும் பெரும்பாலும் அதேதான் வரும். பழைய புத்தகங்களில் முகவரி என்றாலே 65 ஆயிரத்துச் சொச்சத்தில் எழுதியிருப்பார்கள். காரணம், அது 16 பிட் உலகம், 65535-தான் உச்சம். அங்கே இன்ட் 2 பைட். நம் லேப்டாப்பிலும் போனிலும் 4 பைட். பாய்ண்டர் அங்கே வழக்கமாக 2 பைட், 64 பிட் மெஷினில் 8 பைட். புத்தகத்தில் ஒன்று, லேபில் ஒன்று, போனில் ஒன்று என்று விடை வந்தால் பிள்ளை தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. மெஷின் வேறு, அவ்வளவுதான். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

முகவரியைப் பார்த்தாயிற்று. இனி லேப்டாப்பை மூடிவிட்டுக் கணக்கு நோட்டை எடுக்கச் சொல்வேன், கட்டம் போட்ட நோட்டாக இருந்தால் நல்லது. ஒரு மாறிக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு மேலே முகவரி, உள்ளே மதிப்பு, கீழே பெயர். மெஷின் கொடுக்கிற நீள வாலை எழுத வேண்டாம். 1000, 1008 என்று பொய் நம்பர் போட்டுக்கொண்டால் போதும். இந்த நாலு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்:

இன்ட் விலை = 25;
இன்ட் *இடம்;
இடம் = &விலை;
*இடம் = 40;

முதல் வரிக்கு ஒரு பெட்டி வரைகிறோம். மேலே 1000, உள்ளே 25, கீழே ‘விலை’. இரண்டாவது வரிக்கு இன்னொரு பெட்டி. மேலே 1008, கீழே ‘இடம்’. உள்ளே? அங்கே ஏற்கெனவே கிடந்த குப்பை. அதனால் கேள்விக்குறி போடுகிறோம். மூன்றாவது வரியில் அந்தக் கேள்விக்குறியை அடித்துவிட்டு 1000 என்று எழுதுகிறோம். நாலாவது வரிதான் விஷயம். ‘இடம்’ பெட்டியைத் திறக்கிறோம், 1000 இருக்கிறது. 1000 என்று தலைப்பிட்ட பெட்டிக்குப் போகிறோம், அங்கே இருக்கும் 25-ஐ அடித்து 40 எழுதுகிறோம். ‘இடம்’ பெட்டிக்குள் ஒரு கீறல்கூட விழவில்லை. அதில் இன்னும் 1000-தான்.

இதை முடித்ததும் கேட்பேன்: விலை என்ன? &விலை? இடம்? *இடம்? &இடம்? 40, 1000, 1000, 40 என்று கடகடவென்று வரும். &இடம் என்றதும் ஒரு தயக்கம். பாய்ண்டருக்கும் சொந்தமாக ஒரு பெட்டி உண்டு, அந்தப் பெட்டிக்கும் ஒரு முகவரி உண்டு என்பது அந்தக் கேள்வியில்தான் உறைக்கிறது. படத்தில் அதற்கு மேலே 1008 என்று தாங்களே எழுதி வைத்திருப்பார்கள். பார்த்தால் தெரிந்துவிடும். டபுள் பாய்ண்டர் என்று பின்னால் பயமுறுத்துகிற சமாச்சாரம் இந்த 1008-ஐ மூன்றாவது ஒரு பெட்டிக்குள் எழுதுவதுதான், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

அம்புக்குறி போட வேண்டாம் என்பேன். எல்லா வகுப்பிலும் பெட்டியிலிருந்து பெட்டிக்கு அம்பு வரைவார்கள். பார்க்க அழகு. ஆனால் அம்பு போட்டுவிட்டால் பாய்ண்டருக்குள் இருப்பது ஒரு நம்பர் என்பது மறந்துபோகும். நம்பரை எழுதிப் பழகிய பிறகு, லிங்க்டு லிஸ்ட் வரும்போது அம்புக்கு மாறிக்கொள்ளலாம்.

அடுத்த சிக்கல் நட்சத்திரக் குறி. சி-யில் அது மூன்று வேலை பார்க்கிறது. இரண்டு பக்கமும் எண் இருந்தால் பெருக்கல், அதில் யாருக்கும் குழப்பமில்லை. அறிவிப்பில் வந்தால் ‘இது பாய்ண்டர்’ என்று அர்த்தம். மற்ற இடத்தில் வந்தால் ‘அந்த முகவரிக்குப் போ’ என்று அர்த்தம். கடைசி இரண்டும்தான் ஆளைக் கவிழ்க்கும். குறிப்பாக, அறிவிப்பையும் மதிப்பையும் ஒரே வரியில் சேர்த்து

இன்ட் *இடம் = &விலை;

என்று எழுதும்போது. பார்த்தால் நட்சத்திரம் போட்ட இடத்தில் &விலை போய் உட்காருவது போலத் தெரியும். உண்மையில் அது போவது ‘இடம்’ என்ற பெட்டிக்குள். இதைப் பார்த்துப் பழகிய பிள்ளை அடுத்த நிரலில் ‘*இடம் = &விலை;’ என்று தனி வரியில் எழுதும். அது தப்பு. முகவரியைத் தூக்கிக்கொண்டு போய் இன்ட் பெட்டிக்குள் திணிக்கிற வேலை. முன்பெல்லாம் ஜிசிசி கம்பைலர் இதற்கு ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு விட்டுவிடும். 2024-ல் வந்த ஜிசிசி 14-லிருந்து எரர் என்றே நிறுத்திவிடுகிறது. நல்ல காரியம்.

ஆரம்பத்தில் ஒரு மாதமாவது அறிவிப்பையும் மதிப்பையும் இரண்டு வரியாகப் பிரித்தே எழுதச் சொல்வேன். இன்னொன்று, ‘இன்ட் *அ, ஆ;’ என்று எழுதினால் அ மட்டும்தான் பாய்ண்டர், ஆ சாதாரண இன்ட். நட்சத்திரம் பெயரோடு ஒட்டுகிறது, இன்ட்டோடு அல்ல. ஒரு வரியில் ஒரு பாய்ண்டர் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே கிடையாது.

சரி, இதெல்லாம் எதற்கு என்று கேட்டால்? கீபோர்டில் அடிக்கிற மதிப்பை வாங்குகிற ஸ்கேன்எஃப்புக்கு நேராகப் போவேன். சி வகுப்பின் முதல் வாரத்திலிருந்தே அதில் & போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஸ்கேன்எஃப் வேறொரு ஃபங்ஷன். நம் மாறியின் மதிப்பை அதனிடம் கொடுத்தால் அதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கே எழுத வேண்டும் என்று சொன்னால்தான் எழுத முடியும். & போட மறந்தால் மாறிக்குள் கிடக்கிற குப்பையையே முகவரி என்று நம்பி அங்கே போய் எழுதப் பார்க்கும். பெரும்பாலும் புரோகிராம் அங்கேயே விழும். ஆக, பாய்ண்டர் பாடம் ஐந்தாவது யூனிட்டோ நாலாவது யூனிட்டோ, பாய்ண்டரை அவர்கள் முதல் வாரமே தொட்டாயிற்று. இதைச் சொன்னதும் சில முகங்களில் ஒரு தெளிவு வரும்.

இரண்டு மாறிகளின் மதிப்பை ஒன்றுக்கொன்று மாற்றுகிற ஸ்வாப் கேள்வி பரீட்சையில் தவறாமல் வரும், ‘கால் பை வேல்யூ, கால் பை ரெஃபரன்ஸ்’ என்ற பெயரில். 13 மார்க் கேள்விக்கு அப்படியே எழுதிவிடுங்கள், மார்க்கை விட்டுவிடாதீர்கள். ஆனால் சி-யில் இருப்பது வேல்யூ அனுப்புவது ஒன்றுதான். முகவரியை அனுப்பினாலும் அந்த முகவரியின் பிரதிதான் ஃபங்ஷனுக்குப் போகிறது. நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் மெயினின் பெட்டிகள், வலப்பக்கம் ஸ்வாப்பின் பெட்டிகள் என்று வரையச் சொல்வேன். அப்புறம் ஒரு குறும்பு. ஸ்வாப்புக்குள் *அ, *ஆ இரண்டையும் மாற்றாமல், அ, ஆ என்ற பாய்ண்டர்களையே ஒன்றுக்கொன்று மாற்றிவிட்டு, மெயினில் என்ன ஆகும் என்று கேட்பேன். மனப்பாடக் கோஷ்டி ‘மாறிடும்’ என்று சொல்லும். கட்டம் போட்டவர் வலப்பக்கத்தில் இரண்டு நம்பர்களை இடம் மாற்றி எழுதிவிட்டு, இடப்பக்கத்தைப் பார்த்து, ‘இங்க ஒண்ணுமே ஆகலையே’ என்பார். அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டால் பாடம் முடிந்தது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஒரே வகைப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி வைக்கிற அர்ரே வந்ததும் வேறு ஒரு கூத்து. காவேரிப்பட்டணத்துப் பெண்ணின் அப்பா மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். எடைச் சீட்டைப் பார்த்து ஐந்து பெட்டி பெங்களூரா காயின் எடையை அர்ரேயில் போட்டுக் கூட்டுகிற மாதிரி ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தாள். 18, 21, 19, 20, 22. கூட்டினால் சரியாக 100 கிலோ வர வேண்டும். லேப்டாப்பில் 39 வந்தது.

“அண்ணா, காலேஜ் லேப்ல போட்டா 18-தான் வருது. வீட்ல 39. நூறு எங்கண்ணா?”

“ஃபங்ஷனுக்குள்ள எத்தனை பெட்டின்னு எப்படி கண்டுபிடிச்ச பாப்பா?”

சைஸ்ஆஃப் போட்டு மொத்த அளவை எடுத்து, ஒரு உறுப்பின் அளவால் வகுத்திருந்தாள். மெயினுக்குள் இது சரியான வழிதான். 20 பைட்டை 4-ஆல் வகுத்தால் 5. ஆனால் அர்ரேயை ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது அர்ரே போவதில்லை, முதல் பெட்டியின் முகவரி மட்டும்தான் போகிறது. உள்ளே அது ஒரு பாய்ண்டர். அதன் அளவு 8 பைட். 8-ஐ 4-ஆல் வகுத்தால் 2. ஆக முதல் இரண்டு பெட்டி, 18-ம் 21-ம், 39 கிலோ. லேபில் டர்போ சி. பாய்ண்டர் 2, இன்ட் 2, வகுத்தால் 1. முதல் பெட்டி மட்டும், 18 கிலோ. ஒரே கோடு, இரண்டு மெஷினில் இரண்டு தப்பான விடை, இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ‘அர்ரேயும் பாய்ண்டரும் ஒன்று’ என்று எழுதியிருக்கிற கைடைத் தூக்கிப் போட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. தீர்வு எளிது: எத்தனை உறுப்பு என்பதை இன்னொரு இன்ட்டாக ஃபங்ஷனுக்குச் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பினாள், 100 வந்தது. நான் எத்தனை மணி நேரம் பேசியிருந்தாலும் அந்த 39 செய்த வேலையைச் செய்திருக்க முடியாது.

அந்த எடை அர்ரேயையே வைத்துப் பாய்ண்டரோடு ஒன்று கூட்டுவதையும் பார்த்துவிட்டோம். முதல் பெட்டி 1000-ல் இருந்தால், பாய்ண்டரோடு 1 கூட்டும்போது 1001 வராது, 1004 வரும். அடுத்த பைட்டுக்கு அல்ல, அடுத்த இன்ட்டுக்குப் போகிறது. டபிள் என்கிற தசம எண்ணைச் சுட்டுகிற பாய்ண்டர் என்றால் 8 தாண்டும், ஒற்றை எழுத்துக்கான சார் என்றால் 1 தாண்டும். எடை[3] என்று எழுதுவதைக் கம்பைலர் *(எடை + 3) என்றுதான் படிக்கிறது. கூட்டலில் எது முன்னால் இருந்தால் என்ன? அதனால் 3[எடை] என்று எழுதினாலும் அதே 20-தான் வரும். வேலையில் இப்படி எழுதினால் உதைப்பார்கள். புரிந்ததா என்று சோதிக்க மட்டும் எழுதிப் பாருங்கள்.

முகவரி வெறும் நம்பர் என்றால் பாய்ண்டருக்கு எதற்கு இன்ட், சார் என்று வகை? இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைக்கு நான் தனி மரியாதை கொடுப்பேன். சி-க்கு முன்னால் கென் தாம்ப்ஸன் எழுதிய பி என்ற மொழியில் வகையே கிடையாது. எல்லாம் ஒரே அளவு. அது ஓடிய பழைய மெஷினில் மெமரியே அப்படித்தான் எண்ணப்பட்டிருந்தது. பிறகு அவர் வேலை பார்த்த பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்துக்கு பிடிபி-11 மெஷின் வந்தது. அது பைட் பைட்டாக எண்ணும். ஒரு எழுத்துக்கு ஒரு பைட், ஒரு எண்ணுக்கு இரண்டு பைட். இப்போது அடுத்தது என்றால் எத்தனை பைட் தாண்ட வேண்டும்? வகை தெரியாமல் சொல்ல முடியாது. டென்னிஸ் ரிச்சி 1972 வாக்கில் சி-யை உருவாக்கும்போது வகைகள் உள்ளே வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த 1 கூட்டினால் 4 தாண்டுகிற பழக்கம் அங்கிருந்து வந்தது.

வகை செய்கிற இன்னொரு வேலையைக் கையால் பார்க்கலாம். ஒரு இன்ட்டில் 300 போடுங்கள். அதன் முகவரியை அன்சைன்ட் சார் பாய்ண்டருக்குள் மாற்றிப் போட்டு, நாலு பைட்டையும் ஒவ்வொன்றாகப் பிரின்ட் பண்ணுங்கள். 44, 1, 0, 0 என்று வரும். 44 + 1 × 256 = 300. நம் லேப்டாப்பும் போனும் சின்ன பைட்டை முதலில் வைக்கிற ரகம். ஒரே முகவரிதான், இன்ட்டாகப் போய்ப் பார்த்தால் 300, சார் ஆகப் போய்ப் பார்த்தால் 44. இதை ஓட்டிப் பார்த்த பிறகு ‘வகை எதற்கு’ என்ற கேள்வி திரும்ப வந்ததில்லை.

ஒரு பாய்ண்டரை இன்னொரு பாய்ண்டருக்கு ஒதுக்கினால் என்ன நகலாகிறது என்பதை மட்டும் நான் உவமை சொல்லி விளக்குவேன். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பட்டா இருக்கும். பட்டாவை ஜெராக்ஸ் எடுத்தால் சர்வே நம்பர் எழுதின தாள் இரண்டாகும், நிலம் இரண்டாகாது. எந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு போய்க் கிணறு வெட்டினாலும் ஒரே நிலத்தில்தான் வெட்டுகிறோம். நிலத்தை விற்றுவிட்டாலும் ஜெராக்ஸ் பீரோவில் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு உழப் போனால் வம்பு. ஃப்ரீ செய்துவிட்ட, அதாவது வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்ட மெமரியின் முகவரியை வைத்துக்கொண்டு எழுதுவது அந்த வம்புதான். பைத்தான் படித்து வந்தவர்களுக்கு இந்த முதல் பாதி புதிதல்ல. ஒரு லிஸ்ட்டை இன்னொரு பெயருக்கு ஒதுக்கி, ஒன்றில் அப்பெண்ட் பண்ணினால் மற்றதிலும் தெரிவதைப் பார்த்துத் திகைத்திருப்பார்கள். அங்கேயும் நகலானது முகவரிதான், பைத்தான் அதைச் சொல்லவில்லை.

ஃபங்ஷனுக்குள் அறிவித்த சாதாரண மாறியின் முகவரியைத் திருப்பி அனுப்புவதும் இதே ரகம். ஃபங்ஷன் முடிந்ததும் அந்தப் பெட்டியே கிடையாது. நோட்டில் வலப்பக்கத்தை முழுதாக அடித்துவிடச் சொல்வேன். அடித்த பெட்டியின் நம்பர் இடப்பக்கத்தில் மிச்சமிருந்தால் ஆபத்து என்று தானாகத் தெரியும்.

எந்தப் பெட்டியையும் காட்டாத நல் பாய்ண்டரை உருவாக்கிய டோனி ஹோர், 1965-ல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக அதைச் சேர்த்ததைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று 2009-ல் சொன்னார். பெரியவர் சொன்னது பெரிய அளவில் சரியாக இருக்கலாம். ஆரம்பத்தில் இருக்கிற பிள்ளைக்கு நான் சொல்வது வேறு: பாய்ண்டரை அறிவித்ததும் கொடுக்க முகவரி இல்லையென்றால் நல் போட்டு வையுங்கள். நல் வழியாகப் போனால் இன்றைய மெஷினில் புரோகிராம் உடனே ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று விழும், எங்கே விழுந்தது என்று தேடலாம். குப்பை முகவரி வழியாகப் போனால் சில சமயம் விழும், சில சமயம் வேறு யாருடைய பெட்டியையோ கெடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடும். முதலாவது எவ்வளவோ மேல்.

டர்போ சி மேல் எனக்கு இருக்கும் கோபம் இதுதான். பழசு என்பதற்காக அல்ல. அது ஓடுகிற பழைய டாஸ் உலகத்தில் ஒரு புரோகிராம் எங்கே எழுதினாலும் தடுக்க ஆளில்லை. தப்பான பாய்ண்டர் வைத்த கோடும் பல நேரம் சரியான விடையைக் காட்டிவிட்டு, மிஞ்சிப்போனால் முடிவில் ‘நல் பாய்ண்டர் அசைன்மென்ட்’ என்று ஒரு வரி போடும். திரை மூடுகிற வேகத்தில் அதை யாரும் படிப்பதில்லை. அவுட்புட் வந்துவிட்டது, ரெக்கார்டில் கையெழுத்தும் வாங்கியாயிற்று. வீட்டிலாவது ஜிசிசி வைத்துக்கொள்ளுங்கள். அரசு கொடுத்த பழைய லேப்டாப் தாராளமாகப் போதும். கம்பைல் பண்ணும்போது முக்கியமான எச்சரிக்கைகளைக் காட்டு என்று சொல்கிற ‘டபிள்யூ ஆல்’ கொடியை (ஃப்ளாகை) எப்போதும் சேருங்கள். எரரை மட்டும் பார்க்காமல் எச்சரிக்கையையும் படியுங்கள். அட்ரஸ் சானிடைசர் என்று ஒரு கொடி இருக்கிறது. அதைச் சேர்த்தால் அர்ரேயின் எல்லை தாண்டினாலும், ஃப்ரீ செய்த இடத்தைத் தொட்டாலும் வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும், ஆனால் டீபக் தகவலுக்கான ‘ஜி’ கொடியும் கூட இருக்க வேண்டும். பைத்தான் டியூட்டர் என்ற இணையதளத்தில் பெயர்தான் பைத்தான், சி-யும் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் பெட்டிகள் மாறுவதைப் படமாகக் காட்டும். ஆனால் நோட்டில் நீங்கள் வரைந்து முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் அதைத் திறங்கள். அது வரைவதை வேடிக்கை பார்த்தால் உங்களுக்குப் பழகாது.

மாலக், லிங்க்டு லிஸ்ட், ஃபங்ஷன் பாய்ண்டர் எல்லாம் இந்தப் பெட்டிகளின் மேல் கட்டுகிற மாடிதான். அவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

கடைசியாக நான் காட்டுவது என் வேலையில் இருந்து ஒன்று. ஆர்டுயினோ ஊனோ என்கிற, புரோகிராம் ஏற்றி ஓட்டுகிற சின்ன சர்க்யூட் போர்டு ஒன்றை மேஜையில் வைப்பேன். அதில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் மாறிகளுக்கு மட்டுமல்ல, வெளியே போகும் கம்பிகளுக்கும் மெமரி முகவரி உண்டு. லேப்டாப் போல ஒவ்வொரு தடவையும் மாறாது, தயாரிக்கும்போதே நிரந்தரமாக வைத்த எண். 13-ஆம் பின்னில் ஒரு சின்ன எல்ஈடி போர்டிலேயே இருக்கிறது. அது பி போர்ட்டின் ஐந்தாவது பிட் (சைபரிலிருந்து எண்ண வேண்டும்), அதாவது 32. அன்சைன்ட் சார் பாய்ண்டர் ஒன்றுக்கு 36 என்ற எண்ணையே முகவரியாகக் கொடுத்து, நட்சத்திரம் போட்டு அங்கே 32 எழுதினால் அந்தக் கம்பி வெளியே அனுப்புகிற கம்பியாகிறது. இன்னொரு பாய்ண்டருக்கு 37 கொடுத்து அங்கேயும் 32 எழுதினால் எல்ஈடி எரிகிறது. லைப்ரரி இல்லை, டிஜிட்டல்ரைட் இல்லை. வெறும் இரண்டு முகவரி, இரண்டு நட்சத்திரம். பாய்ண்டர் அறிவிப்பில் வாலடைல் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ‘எழுதினதை யாரும் படிக்கவில்லையே’ என்று கம்பைலர் அந்த வரியைத் தூக்கிவிட வாய்ப்புண்டு. மற்ற பிட்களைக் கெடுக்காமல் எழுதுவதுதான் முறை, முதல் தடவைக்கு நேராகவே எழுதிப் பார்க்கலாம்.

“36, 37-ன்னா... 35-ல என்னண்ணா இருக்கு?” என்று பர்கூர்ப் பையன் கேட்டான். 35 அதே போர்ட்டைப் படிப்பதற்கான இடம். பட்டன் அழுத்தியிருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அங்கேதான். ஆனால் இந்தச் சிப்பில் அங்கே போய் 32 எழுதினால் எரிகிற விளக்கு அணையும், அணைந்தது எரியும். எழுதுகிற ஒவ்வொரு தடவையும் தலைகீழாகும். நடுவில் ஒரு டிலே போட்டு லூப்பில் விட்டான், மினுக்மினுக்கென்று ஓடியது.

இந்த எண்களை நீங்களே தேட வேண்டுமென்றால் சிப்பின் டேட்டாஷீட்டில் பின்பக்கமாக ரெஜிஸ்டர் பட்டியல் ஒன்று இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு முகவரி போட்டிருப்பார்கள், ஒன்று வெளியே, ஒன்று அடைப்புக்குறிக்குள். பி போர்ட்டுக்கு வெளியே 05 என்றும் அடைப்புக்குள் 25 என்றும் பார்ப்பீர்கள். இரண்டும் பதினாறடிமானம், அந்த 25 நம் கணக்கில் 37. பாய்ண்டருக்குக் கொடுக்க வேண்டியது அடைப்புக்குள் இருப்பது.